குழாய்த் தண்ணீர்க் குடம்

மதுரை விடுதியின் உப்பு நீரில் குளித்து வந்து தலை வாரினேன். விறைத்த முடியில் சீப்பு சிக்கி நின்றதும், எங்கள் ஊரான போடியில் என் எட்டு வயதில் நடந்தது நினைவுக்கு வந்தது. அதன்பின் பாடத்தில் மனம் நிலைக்கவில்லை.

எங்கள் கிணற்று நீரும் உப்புதான். அதில் பருப்பு வேகாது. மலையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைச் சமையலுக்கென்றே ஒரு பித்தளைக் குடத்தில் பிடித்து வைப்போம். அத்தையைப் பெண் பார்த்துப் பிடித்துப்போன சிலமலை என்ற ஊரைச் சேர்ந்தவர்கள், சம்மதத்துக்கு அடையாளமாக அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்க வந்தார்கள். அத்தைதான் சமைத்தாள். நானோ முடி பளபளக்க வேண்டுமென்று அந்தக் குடத்து நீரில் தலை அலசிவிட்டு, யாரும் அறியாமல் கிணற்று நீரை நிரப்பி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தார். "என்ன ஆத்தா, எண்ணிப் பாத்துத் திங்கவா போட்டிருக்க? வெரசா எறக்கிட்டியோ?"

சோற்றைப் பிசையாமலே எழுந்தார்கள்.

மாலையில் எனக்குப் பின்னல் போடும்போது அத்தையின் விரல்கள் நின்றன.

"தல என்னடி பட்டாட்டம் இருக்கு?"

கூடத்திலிருந்து அப்பா கத்தினார்: "ஒரு பருப்பு வேக வைக்கத் தெரியல இவளுக்கு!"

"ஆமாண்ணே, என் தப்புதான்," என்று சொல்லிவிட்டு அத்தை பின்னலை முடித்தாள்.

அத்தைக்கு இன்னும் திருமணமாகவில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'அன்று பருப்பு வேகாததற்கு' என்பதற்குமேல் பேனா நகரவில்லை.