துருவுக்கும் சேர்த்து நேரம்

கோழிக்கூட்டுப் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. இன்று காலையில் அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், ராகலையில் எங்கள் கராஜ் கண்முன்னால் வந்து நின்றுவிட்டது. உங்களுக்கு மண்ணெண்ணெய் என்றால் அடுப்பு ஞாபகம் வரும்; எனக்கு போல்ட்.

என் வீட்டுக்காரர் கைதேர்ந்த மெக்கானிக். நேரம் சொல்ல மட்டும் அவருக்கு வராது. எந்த வண்டி வந்தாலும் "இந்தா, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள" என்பார். எங்கள் மழையிலும் பனியிலும் இறுகிப்போன போல்ட் இளக ஆகும் நேரம், நுவரெலியாவிலிருந்து சாமான் பஸ்ஸில் வந்து சேரும் நேரம், இதெல்லாம் அவர் கணக்கிலேயே இருக்காது. அதனால் நேரம் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் வண்டிக்கடியில் ஒரு தரம் குனிந்து பார்த்தால் போதும், சொல்லிவிடுவேன். பெருமைதான், இருக்கட்டுமே.

ஒருநாள் உடப்புசல்லாவைப் பக்கத்துக் கல்யாண வேன் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிளட்ச் போய்விட்டது. உள்ளே பட்டுச்சேலையில் பெண். மத்தியானத்துக்கு முன்னால் நுவரெலியாக் கோயிலில் முகூர்த்தம்.

"பயப்படாதீங்க, அரை மணித்தியாலம்" என்றார் இவர்.

பெண்ணின் அப்பா அதை நம்பி உட்காரப் போனார். நான் குனிந்து பார்த்தேன். கியர்ப் பெட்டியையே இறக்க வேண்டும்; போல்ட்டெல்லாம் ஒரே துரு.

"உக்காராதீங்கண்ணே. பொழுது சாயாம இது கெளம்பாது. அந்தா பஸ்ஸு வருது, புள்ளைய ஏத்துங்க."

"கல்யாணப் பொண்ண பஸ்ஸுலயா?"

"தாலிய வேனுக்குள்ளயா கட்டப் போறாங்க?"

பெண்தான் முதலில் சிரித்தது. கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறியது. இவர் என்னை முறைத்தார். "ஏன்டி, என் மானத்த வாங்கிட்டியே!"

சாயந்தரம் பெண் வீட்டு விருந்துக்குப் போகிற வழியில் தாலியும் மாப்பிள்ளையுமாக அந்தப் பெண் எங்கள் கராஜில் இறங்கியது. வேன் இன்னும் அப்படியே. அடியிலிருந்து இவருடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே, மூஞ்சியக் காட்டுங்க, கும்பிட்டுக்கிறோம்."

"இந்தா, முடிஞ்சிருச்சும்மா!" குரல் மட்டும் வந்தது.

அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தக் கால்களையே தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

அவரும் கராஜும் போன பிறகு, இப்போது அந்த இடத்தில் மரக்கறி லொறிகளை நிறுத்துகிறார்கள். போகும்போதெல்லாம் குனிந்து பார்ப்பேன். எல்லா லொறிக்கும் அடியில் வெறும் தரைதான்.