கேள்வித்தாளில் விட்டுப்போன "இரண்டாவது"

இன்னும் கோபம் அடங்கலைங்க. வடகரப்பதி பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதறேன்.

மத்தியானம் பிளஸ் டூ தமிழ் மீடியம் ரஹ்மத், நான் நடத்தற கெமிஸ்ட்ரியோட மாடல் பரீட்சை விடைத்தாளோட ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா. "டீச்சர், இதுல எங்கீங்க தப்பு?"

கேள்வி இதுதான்: தாமிரத்தின் அயனியாக்கும் ஆற்றல் துத்தநாகத்தை விட அதிகம். ஏன்?

எங்க ஸ்கூலுக்குக் கேள்வித்தாள் மலையாளத்தில் தயாராகித்தான் தமிழுக்கு வரும். அந்த மூலத்தில் "இரண்டாவது அயனியாக்கும் ஆற்றல்"னு இருக்கு. தமிழில் மாத்தினவர் அந்த "இரண்டாவது"வை விட்டுட்டார்.

ரஹ்மத் எழுதியிருந்தா: "கேள்வி தவறு. முதல் எலக்ட்ரானை எடுக்கத் துத்தநாகத்துக்கே அதிக ஆற்றல் வேண்டும். இரண்டாவதில்தான் தாமிரம் முந்தும். ஒன்றை இழந்த தாமிரத்தில் 3d முழுதும் நிறைந்திருக்கும். அதிலிருந்து எடுப்பது கடினம்."

அத்தனையும் சரி. மார்க் பூஜ்யம்.

திருத்தின சாரிடம் போனேன்.

"ஆன்சர் கீயில இல்லாததுக்கு எப்படிங்க டீச்சர் மார்க் போடறது? மத்தவங்க எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்காங்களே."

"கேள்வியே தப்புங்க சார்."

"ஒரு பிள்ளைக்காக இதைப் பெருசாக்காதீங்க."

ரெண்டு கேள்வித்தாளையும் பிரின்சிபால் மேசையில் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். மூணு மார்க்கும் வந்துச்சு. மன்னிப்பு வரலை.

வெளியே ரஹ்மத் கேட்டா: "பப்ளிக்லயும் இப்படி வந்தா தப்புன்னு எழுதட்டுங்களா, கீயில இருக்கறதையே எழுதிடட்டுங்களா?"

நாளைக்குச் சொல்றேன்னுட்டு பஸ்ஸுக்கு ஓடி வந்துட்டேன்.

கேள்வியைச் சரியாப் படிக்காம மனப்பாடத்தை எழுதின மத்த பிள்ளைகளுக்கு முழு மார்க். அப்படிப் பழக்கினது நான்தான்.

உங்க ஸ்கூல்ல தமிழ்க் கேள்வித்தாளை அச்சுக்கு முன்னாடி யாராவது படிக்கறாங்களா? இருந்தா, அவங்களை ஒரு நாள் இங்கேயும் அனுப்புங்க.