பச்சையாகிப்போன முளைப்பாரி

எட்டு வயதில் ஒரு குடும்பத்தையே நான் கொன்றுவிட்டதாக நம்பி நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். நான் கொன்றவர்கள் நேபாளத்தில் இருந்தார்கள். அவர்களை நான் பார்த்ததுகூட இல்லை.

அப்போது நாங்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தோம். அப்பா விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அம்மா வேலை முடிந்து வர ஆறரை ஆகும். பள்ளியிலிருந்து என்னைக் கூட்டிவந்து அதுவரை பார்த்துக்கொள்வது கீழ் வீட்டு நேபாளத்து அக்கா. ஒரே ஒரு பெட்ரூம் உள்ள வீட்டில் அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். காலையில் காலேஜ், மதியம் நான், மற்ற நேரமெல்லாம் கப்பல்துறைப் பக்கம் தொப்பி வைத்த ஸ்வெட்டர் விற்கும் ஒரு ஹூடி கடை. ஜூலை மாதம் அரை டிராயரோடு வந்திறங்கும் டூரிஸ்டுகள் பனிமூட்டத்தில் வெடவெடத்துப்போய் ஹூடி வாங்குவார்கள். அந்த நடுக்கம்தான் அவளுக்கு வாடகை கட்டியது. இந்த வாரம் ஹாலில் படுக்கும் முறை யாருடையது, கடைக்காரர் எந்த ஷிஃப்ட்டை மாற்றினார், சொகுசுக் கப்பல் எந்தெந்த நாள் வருகிறது என்று மேடேறி வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு எல்லாம் சொல்லுவாள். என்னை பஹினி என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் தங்கை.

ஸ்டூடென்ட் விசாவில் வந்தவள் இப்படி வெளியே வேலை பார்ப்பது தெரிந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு அம்மா சொன்னது வேறு.

"யாராவது கேட்டா சித்தி பொண்ணுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

சித்தி பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாதது யாருக்கும் உறுத்தவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே ஜாடை.

அந்த அக்டோபரில் அவர்களுடைய தசைன் பண்டிகை வந்தது. ஒரு தட்டில் மண் பரப்பி பார்லி விதைத்து, ஒன்பது நாள் இருட்டில் வளர்த்து, பத்தாம் நாள் அந்த முளையைக் காதில் செருகிக்கொள்ள வேண்டுமாம். கீழ் வீட்டில் இருட்டுக்கு வழியில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் யாராவது ஒருத்தி எந்நேரமும் விளக்கைப் போட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் கோட்டு மாட்டும் க்ளாசெட் அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மாவுக்குப் பிறந்த ஊர் மதுரைப் பக்கம். தட்டைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது.

"அட, இது நம்ம முளைப்பாரிடி!"

அதோடு நிற்காமல், அக்கா கேட்காத சட்டங்களையும் சேர்த்துப் போட்டாள். வெளிச்சம் படக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, கெட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாது. எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டே அம்மா சொன்னாள், "வெச்சவங்க வீட்டுக்குத்தான்."

பார்க்காதே என்றால் பார்க்கிற ஜென்மம் நான். ஆறாம் நாள் பள்ளி அரை நாள்தான். அக்கா முந்தின நாள் ஷிஃப்ட் அசதியில் சோபாவிலேயே தூங்கிப்போனாள். மெல்ல க்ளாசெட் கதவைத் திறந்தேன். மஞ்சள் மஞ்சளாக, அரைச்சாண் உயரத்துக்கு நின்றன. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. எதிர் ஜன்னலில் சாயங்கால வெயில். அம்மா வரும் நேரத்துக்குத்தான் ஞாபகம் வந்து ஓடிப்போய்ச் சாத்தினேன். மறுநாள் காலை திறந்து பார்த்தால் ஜன்னல் பக்கம் இருந்த பாதி பச்சையாகிக் கிடந்தது. கதவைப் பட்டென்று சாத்தினேன். யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அன்று பார்த்து அக்கா வரவில்லை. மூன்று மணி, மூன்றேகால், மூன்றரை. பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் அம்மாவோ அப்பாவோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எல்லாம் என்னால்தான். பள்ளி ஆபீஸில் இருந்த ஆன்ட்டி நல்ல மாதிரி. பிஸ்கட் கொடுத்து, உன்னைக் கூட்டிப்போகிறாளே, அவள் உன் அக்காதானே, எங்கே காணோம் என்று கேட்டாள்.

வெளிச்சம் பட்டது ஒரு பாவம், பொய் சொன்னால் இரண்டு. உண்மையைச் சொன்னால் ஒருவேளை மிச்சம் இருப்பவர்களாவது பிழைக்கலாம். அப்படித்தான் என் மூளை கணக்குப் போட்டது. அவள் என் அக்கா இல்லை என்றேன். நேபாளத்து ஸ்டூடென்ட், என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா வெள்ளிக்கிழமை கவரில் பணம் கொடுப்பாள், ஹூடி கடையிலும் வேலை பார்க்கிறாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஃபோன் பண்ணுவதற்காக ஆன்ட்டி எல்லாவற்றையும் ஒரு பிங்க் அட்டையில் எழுதிக்கொண்டாள். கடைப் பெயரை நான்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஸ்பெல்லிங்கில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

அந்த நேரத்தில் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஒரே நாளில் இரண்டு கப்பல், கடைக்காரர் விடவில்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை. ஆன்ட்டி சிரித்துக்கொண்டே, நீதான் இவளைப் பார்த்துக்கொள்ளும் நேனியா, கடையிலும் வேலை பார்க்கிறாயாமே என்று அட்டையைக் காட்டினாள். அக்கா அதைப் படித்தாள்.  என் கையைப் பிடித்த பிடி வலித்தது, அவள் கை ஜில்லென்று இருந்தது.

வழக்கமான தெருவில் போகவில்லை. சுற்றிச் சுற்றிப் போனோம். அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு பார்லி விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தாங்க முடியாமல், உன் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன். நின்றுவிட்டாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். பக்கத்தில் டூரிஸ்டுகள் கேபிள் காரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வந்ததும் அக்கா அட்டை விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அந்தப் பொண்ண கொஞ்ச நாள் வர வேணாம்னு சொல்லிடு. நம்ம கிரீன் கார்டே இன்னும் பெண்டிங்ல கெடக்கு."

பிறகு யார் கதவைத் தட்டினாலும் அம்மா துளை வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். நேபாளத்திலிருந்து சாவுச் செய்தி வருகிறது என்று நான் குளியலறைக்குள் ஓடினேன். ஒரு வீட்டில் இரண்டு பயம், ஒன்றுக்கொன்று தெரியாமல்.

பத்தாம் நாள் அக்கா சிவப்புக் குர்த்தா போட்டுக்கொண்டு வந்தாள். தட்டை வெளியே எடுத்தாள். அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் குழைத்து, பெரியவர்கள் சின்னவர்களுக்கு வைக்கும் திலகமாக என் நெற்றி நிறைய அப்பினாள். மஞ்சளில் கொஞ்சம், பச்சையில் கொஞ்சம் கிள்ளிக் காதில் செருகினாள். அப்போதுதான் நான் உடைந்துபோனேன். கதவைத் திறந்தது நான்தான் என்றேன். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். இவ்வளவுதானா, எங்கள் வீட்டிலேயே பாதி பச்சையாகத்தான் வரும் என்றாள். வீடியோ காலில் அவள் அம்மாவையும் அப்பாவையும் ஓர் ஆட்டையும் காட்டினாள். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். ஹாலைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வேறு ஓர் ஆன்ட்டி என்னைக் கூட்டிவந்தாள். கீழ் வீட்டில் மூன்று பேர் இரண்டு பேரானார்கள். அக்கா காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு டெக்சாஸில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றாள் அம்மா.

போன வருஷம், அந்தப் பள்ளியிலிருந்து யாராவது விசாரித்து வந்தார்களா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒருத்தரும் வரலடி," என்றாள். "ஒரு ஃபோன்கூட வரல."

அந்த அட்டை ஏதோ ஒரு டிராயரில் கிடந்து குப்பைக்குப் போயிருக்கும். மன்னித்துவிட்டாள் என்று அன்று ஆடினேனே, அது பார்லிக்கு. அட்டைக்கு நான் மன்னிப்பே கேட்கவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னை அக்கா இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவளின் நெற்றியில், தங்கைக்கு வைக்கிற திலகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.