மரணவீட்டுக்குப் பொலிஸை அழைத்தேன்

சில வருடங்களுக்கு முன் கனடாவில், மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். குழாய் திருத்துவது, பனி அள்ளுவது எல்லாம் என் பொறுப்பு. கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் குடியிருந்தோம்.

இரண்டாம் மாடியில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்காரர் ஒருவர், மனைவி பிள்ளைகளுடன் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. படியில் கண்டால் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்வார். அதற்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை.

ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை, காலையிலிருந்தே அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். நீண்ட அங்கி போட்ட ஆண்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கதவுக்கு வெளியே இருபது சோடிச் சப்பாத்துக்கு மேல் கிடந்தது. உள்ளே ஓதும் சத்தம். அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் மாலிச் செய்திதான். இஸ்லாமிய ஆயுதக் குழுக்கள் ஊர்களைப் பிடிப்பதையும் வெளிநாட்டுப் படைகள் வருவதையும் போவதையும் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் பிடித்திருந்தது.

"இஞ்சருங்கோ, வீணா யோசியாதேங்கோ. ஏறிப்போய் ஒருக்காத் தட்டிக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? பேந்து ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டுப் பொலிஸுக்குப் போன் அடித்தேன்.

இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஓதல் நின்றது. பிறகு ஒரு பெண்ணின் அழுகை படிக்கட்டு முழுக்கக் கேட்டது. பத்து நிமிடத்தில் இறங்கி வந்த பொலிஸ்காரர், அது மரணவீடு என்றார். அந்த மனிதரின் தம்பி மாலியில் இறந்துவிட்டாராம்.

மூன்று நாள் என்னால் மேலே போக முடியவில்லை. நாலாம் நாள் போய், அழைத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"தெரியும்" என்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னார்.

தம்பி பள்ளி ஆசிரியர் என்று சொல்லத் தொடங்கினார். ஆயுதக் குழு வந்து, பாடம் நடத்தினால் சுடுவோம் என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. பிள்ளைகளின் வயிற்றுப்பாட்டுக்காக அவர் சந்தையில் வெங்காயம் விற்கத் தொடங்கினார். ஒருநாள் அரச படையும் அதற்குத் துணையாக வந்த வெளிநாட்டுச் சிப்பாய்களும் சந்தையைச் சுற்றி வளைத்தார்கள். யாரோ ஒருவன் அவரைக் கைகாட்டி, ஆயுதக் குழுவின் ஆள் என்றான். அவ்வளவுதான், சுட்டுவிட்டார்கள்.

"இரண்டு பக்கமும் எங்களைக் காப்பாற்றத்தான் வந்தார்களாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. களைத்துப்போன குரல்.

எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எனக்குப் பதினெட்டு வயதில், யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் படை இருந்த காலம். போராளிகளைத் தேடி எங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்து ஒவ்வொருவராகப் பார்த்தான். இப்படிக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்போம். அவன் தலையசைத்தால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். எனக்கு அசைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற என் வகுப்புத் தோழனுக்கு அசைத்தான். அவன் திரும்பி வரவேயில்லை. அந்தத் தலையாட்டியை வாழ்நாள் முழுக்கச் சபித்தவன் நான்.

அதை அவரிடம் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர், குளியலறைக் குழாய் இரண்டு கிழமையாக ஒழுகுகிறது, நேரமிருந்தால் பார்க்க முடியுமா என்று கேட்டார். அப்போதே திருத்திக் கொடுத்தேன். "மெர்சி" என்று நன்றி சொன்னார்.

மன்னித்தாரா என்று தெரியாது. அடுத்த கோடையில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்த அந்தப் படை எப்போதோ போய்விட்டது, நானும் கடல் கடந்து வந்துவிட்டேன். ஆனால் அது எனக்குள் விட்டுப்போன பயம் என் கையாலேயே இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க வைக்கும் என்று அறிந்த நாளிலிருந்து, என்னை நானே முழுதாக நம்புவதில்லை.