வினாகிரிக் கோழி

இன்று காலை அச்சாறு ஊறப்போடுவதற்காக வினாகிரியைக் கொதிக்க வைத்தேன். அந்தப் புளிப்பு ஆவி மூக்கில் ஏறியதும், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டுக் குசினிக்குள் பத்து வயதுப் பிள்ளையாகப் போய் நின்றேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழுதாகி நின்ற கப்பலின் சமையற்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ரமோன், ஊர் பிலிப்பைன்ஸ். கையில் ஒரு கோழி. எங்களுக்குச் சமைத்துத் தரப்போகிறாராம்! நான் துள்ளிக் குதித்தேன். அம்மாவோ தன் அடுப்பை ஒருவருக்கும் விடாதவர். கூச்சத்தோடு கதவோரம் நின்றார்.

ரமோன் உள்ளிப் பற்களை நசுக்கிப் போட்டார். பிறகு அரைப் போத்தல் வினாகிரியைக் கோழியின் மேல் ஊற்றினார்.

"ஐயோ, கோழி பழுதாப் போச்சு!" அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். ரமோன் இரண்டு கைகளாலும் மறித்து, இங்கிலிஷில் ஏதோ சொன்னார்.

"கொதிக்குமட்டும் கிண்டக் கூடாதாம் அம்மா," என்று என் பள்ளிக்கூட இங்கிலிஷை வைத்து மொழிபெயர்த்தேன். அரை மணி நேரத்தில் வீடே மணத்தது. அம்மா ஒரு துண்டைச் சாப்பிட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ரமோன் நாங்கள் புட்டு அவிக்கும் மூங்கில் குழலைக் கண்டார். "புட்டோ!" என்று கத்தினார். அவருடைய ஊரிலும் அரிசி மாவை மூங்கிலில் அவித்து, அப்படித்தான் சொல்வார்களாம்.

"புட்டோ?" அம்மாவின் கூச்சம் பறந்துவிட்டது. நேரே அவரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: "நாளைக்கு வாங்கோ, சேர்ந்து அவிப்பம். வருவீங்களோ?"

நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அதற்குள் ரமோன் தமிழிலேயே சம்மதம் சொல்லிவிட்டார்: "ஓம்! ஓம்!"