குற்றாலத்தில் தண்ணீர் பிடிக்கப் போனேன்

செவ்வாய்க்கிழமை காலை 10.42க்கு நுண்ணோக்கி மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என் மனைவி செல்வி கடைசியாகச் செய்த வெள்ளி மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். கம்பிகள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியவை. சாயக் கழிவைச் சிதைக்கும் வினையூக்கிக்காக நாங்கள் இருவரும் வருடக்கணக்கில் தேடியவை. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

“திரும்பச் செய்து காட்டினால்தான் ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் வரும்” என்றார் எங்கள் பேராசிரியர். மூன்று முறை செய்தேன். மூன்றிலும் உருண்டைகள்தான். துளி உப்பு சேர்ந்தால் வெள்ளி கம்பியாக நீளும். அந்த அளவுதான் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. அந்தக் கடைசி மாதிரியைச் செய்த அன்று அவள் தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றியது ஞாபகம் வந்தது. என்ன தண்ணீர் என்று கேட்டேன். “குத்தாலத் தண்ணி” என்று சிரித்தாள். அந்த அருவித் தண்ணீரில்தான் சரியான அளவு உப்பு இருந்திருக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோவில் கால் மணி நேரம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

“எல்லாரும் தலைய நனைக்க வாராவ, நீங்க பாட்டில நனைக்க வாறியளோ?” என்றார் ஓட்டுநர்.

“ஆமா அண்ணாச்சி.”

பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஓடிய தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தென்காசியில் மாமியார் வீட்டுக்குப் போனேன். செல்வியின் தங்கைதான் கதவைத் திறந்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

“என்னத்தான் இது, கலங்கல் தண்ணிய சுமந்துட்டு வாறிய?”

சொன்னேன்.

“அருவித் தண்ணியா? கேலிக்கு அப்படிச் சொல்லுவா. அக்காவுக்குத் தொண்ட கட்டுனா கொப்பளிக்க அம்மா சொல்லிக் குடுத்த உப்புத் தண்ணி, அத்தான், அது. ஒரு பாட்டிலுக்கு மூணு கல்லு உப்பு. ஒங்கள நல்லா ஏமாத்திருக்கா!” சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

செல்வி தெரிந்தேதான் ஊற்றியிருக்கிறாள். முடிவு வந்ததும் சொல்லி என்னைக் கேலி செய்யக் காத்திருந்திருப்பாள். முடிவு வந்துவிட்டது.

குற்றாலம் போகிறவர்கள் தடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாற்றுத்துணி இரண்டு செட் வேண்டும். தனியாகப் போகாதீர்கள், அங்கே எல்லோரும் யாரையாவது கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள்.

பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன்: “ஒரு பாட்டிலுக்கு மூன்று கல் உப்பு. செய்து பாருங்கள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.” இந்தப் பயணக் குறிப்பையும் பதிவேற்றியதும் போனை அணைத்துவிடுகிறேன்.