பச்சை அடித்த கம்ப்யூட்டர்

சென்ற வாரம் என் லேப்டாப் சூடாகி, ஒரு மாதிரி வாசனை விட்டு, அணைந்துபோனது. குன்றத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை இருக்கிறது. நடத்துகிறவர் ரேவதி என்ற பெண். வேகமான கை, அதைவிட வேகமான வாய். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், என்னிடமே நீட்டிவிட்டார்.

“புதுசு வாங்கிடுங்க மேடம்.”

“தொறந்துகூடப் பாக்கலியேம்மா?”

அதற்கு அவர் சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் வரிசைப்படி சொல்ல வேண்டும் எனக்கு. வருஷக்கணக்கில் டைரி எழுதியவர்களுக்கு வரும் வியாதி இது. ஆனால் வாசனைக்கு வரிசை ஏது? கடையை விட்டு வெளியே வந்து, நடைபாதையில் நின்று லேப்டாப்பை நானும் ஒருமுறை முகர்ந்தேன். சூடான தூசி, லேசாகக் கருகிய பிளாஸ்டிக். இந்த இரண்டோடு கொஞ்சம் எனாமல் பெயிண்டும் சேர்ந்திருந்தால் அது அப்படியே 1991-ஆம் வருஷத்து வாசனை.

அப்போது எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. லாரிகளுக்கு வேண்டிய பிராக்கெட்டுகளும் போல்டுகளும் செய்வோம். இன்றைக்கு அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் குறுக்கே போக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். அன்று எங்கள் தொழிற்சாலை வாசலில் நின்று கூப்பிட்டால், எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து டீ வந்துவிடும்.

தொழிற்சாலையிலேயே ஏ.சி. போட்ட அறை ஒன்றுதான். அது மனிதர்களுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு. மெட்ராஸ் ஆபீஸில் பழசாகி, எங்களுக்குத் தள்ளிவிடப்பட்டது அது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. இருபது மெகாபைட் டிஸ்க். இப்போது என் போனில் எடுக்கும் நாலைந்து படம் அதில் வைத்தால் நிரம்பிவிடும். ஆனால் நூற்றுச் சொச்சம் பேரின் சம்பளக் கணக்கையும் ஸ்டோர்ஸ் கணக்கையும் அது சுமந்தது. சம்பளக் கணக்கை ஓட்டிவிட்டு, டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். அதை இயக்குவது நான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ‘தூசி கூடாது’ என்று என் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். சித்திரை வெயிலில் சூப்பர்வைசர்கள் எல்லோருக்கும் திடீரென்று கம்ப்யூட்டரில் ஆர்வம் பிறக்கும். உள்ளே வந்து, ஏ.சி.க்கு நேராக நின்றுகொண்டு, “அப்புறம் மேடம், எப்டி வேலை செய்யுது இது?” என்று மெதுவாகக் கேட்பார்கள்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் வரதராஜன் சாருக்குப் புது மெஷின் வேண்டும் என்று ஒரே ஏக்கம். 286 என்று இன்னும் வேகமான ஒன்று வந்திருந்த காலம். மெட்ராஸில் இருந்த முதலாளிக்குப் போன் போடும்போதெல்லாம் கேட்பார். முதலாளி ஒரே கேள்விதான் கேட்பார்.

“ஓடுதா?”

“ஓடுது சார், ஆனா…”

“அப்ப ஓடட்டும்.”

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலை ஆயுத பூஜையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொரிகடலையும் பூசணிக்காயும் பிறகு. அதற்கு முன்னால் மெஷின்களுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். லேத், டிரில்லிங் மெஷின், பிரஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பட்டி பார்ப்பார்கள். பட்டி என்றால், பெயிண்டுக்கு முன்னால் பள்ளத்தையும் ஓட்டையையும் அடைக்கிற பசை. அது காய்ந்ததும் தேய்த்து, மேலே பளபளவென்று பச்சை எனாமல். வருஷம் முழுக்க உழைத்த மெஷினுக்கு அதுதான் புதுத்துணி. பெயிண்ட் அடிக்காமல் ஒரு மெஷினை விட்டுவிட்டால் அதை அவமானப்படுத்திய மாதிரி.

அந்த வேலை மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஏகாம்பரத்துடையது. சேரப்பணஞ்சேரிக்காரர். அவர்கள் குடும்பத்தில் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் ஆள். இன்னும் டெம்பரவரிதான், தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆகும் என்று பேச்சு. அதை நம்பிப் பெண்ணும் பார்த்து முடித்திருந்தார்கள். வரதராஜன் சார் அவரைக் கூப்பிட்டு, “ஒரு மெஷின் பாக்கி இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூஜையன்று காலை பட்டுப்புடவையும் பூவுமாகப் போய் ஏ.சி. அறைக் கதவைத் திறந்தேன். அன்றைய டைரியில் நான் எழுதியிருப்பது இரண்டே வார்த்தை: ‘கம்ப்யூட்டர் பச்சை.’ எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவள் நான்! அன்று அதற்கு மேல் கை ஓடவில்லை.

பெட்டி பச்சை. மானிட்டர் பச்சை. பிரிண்டரும் பச்சை. நெற்றியில் சந்தனம், குங்குமம். வேலையின் நேர்த்தியைச் சொல்லியே ஆகவேண்டும்: திரை ஓரத்தில் காகிதம் ஒட்டி மறைத்து அடித்திருந்தார், கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. எழுத்து மறைந்துவிடும் என்று கீபோர்டை மட்டும் விட்டிருந்தார். பின்னாலிருந்து குரல் வந்தது.

“எப்டி கீது மேடம்?”

ஏகாம்பரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றிருந்தார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“எல்லா மெஷினும் புதுத்துணி கட்டிக்கினு நிக்குது. இது மட்டும் அழுக்கா நின்னா நல்லாவா இருக்கும்? அப்புறம் மேடம், தூசி ஆவாதுன்னு கதவுல எழுதிகீறீங்க. பின்னால பாத்தா சல்லடையாட்டம் ஓட்டை! அதான் பட்டி வெச்சி அடைச்சிட்டேன். இனிமே ஒரு துளி உள்ள போவாது.”

நியாயமாகத்தான் பட்டது எனக்கும். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர்கள் தூசியைப் பற்றி மிரட்டிய அளவுக்குச் சூட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏ.சி. இருக்கிறதே, போதாதா என்று நினைத்திருந்தேன்.

வரதராஜன் சார் வந்து பார்த்து அலறினார். “யோவ்! மெஷின்னா லேத்து, பிரஸ்ஸுய்யா! இதையுமா…” அதற்குள் கற்பூரத் தட்டு வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விடுமுறை முடிந்து சம்பளக் கணக்கை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை. பெயிண்ட், தூசி, பிளாஸ்டிக் மூன்றும் கலந்தது. என்னவென்று எழுந்து பார்ப்பதற்குள் மொத்தமும் பொட்டென்று அணைந்தது. பெட்டியைத் தொட்டேன், இட்லிப் பானை மாதிரி கொதித்தது.

வரதராஜன் சார் ஓடிவந்தார். முகர்ந்தார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார். கம்ப்யூட்டர் பச்சையானதைவிட அந்தச் சிரிப்புதான் என்னைக் கலங்கடித்தது.

“ஏம்மா, இதான் நேரம். பழசுன்னு சொன்னா முதலாளி அசைய மாட்டார். ஒர்க்கர் நாசம் பண்ணிட்டான், ரிப்பேர் ஆவாதுன்னு ரிப்போர்ட் போட்டா மறுபேச்சு கெடையாது. புதுசு வந்துரும்.”

“அப்ப ஏகாம்பரம் என்ன ஆவார், சார்?”

“டெம்பரவரிதானே.”

போல்டோ வாஷரோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை; என் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது ஜீப் கொடுத்து அனுப்பியவர். அதனால்தான் என்னால் நம்ப முடியவில்லை. ரிப்பேர் ஆனால் ஏகாம்பரத்துக்கு ஒரு மெமோவோடு போகும். புதுசு வாங்குவதென்றால் கெடுத்தவன் என்று ஒருவன் வேண்டும். “சர்வீஸ் இன்ஜினியர் பாக்கட்டும் சார்” என்று மட்டும் சொன்னேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

வெளியே ஏகாம்பரம் நின்றிருந்தார்.

“மேடம், அது போய்ட்டா நானும் போவணுமா?”

“இன்ஜினியர் வரட்டும்.”

“பட்டிய நானே சுரண்டிடறேன் மேடம். பொண்ணு வூட்ல பர்மனென்ட்னு சொல்லிட்டு வந்துகீறாங்க.”

“கை வைக்காதீங்க, புண்ணியமாப் போகும்!”

மறுநாள் மெட்ராஸிலிருந்து தாம்பரம் வழியாகப் பஸ் பிடித்து ஸ்டீபன் என்ற இன்ஜினியர் வந்தார். அறைக்குள் வந்தவர் பையைக்கூட இறக்கவில்லை. பச்சைப் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரதராஜன் சாரைக் கேட்டார்.

“சார், லெட்டர் எந்தப் பக்கம் போடணும்?”

மெட்ராஸில் பச்சைத் தபால் பெட்டி இருந்த காலம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் பட்டியைச் சுரண்டி, காற்று போகிற ஓட்டைகளைத் திறந்தார். கருகியிருந்த பவர் சப்ளையைக் கழற்றி, பையிலிருந்த வேறொன்றை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். விசிறி உறுமியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ கைதட்டினார்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரதராஜன் சார் முகம் தொங்கிப்போனது. “ரிப்பேர் ஆவலன்னே எழுதிக் குடுத்துடுங்களேன், ஸ்டீபன்.”

“ஓடறத ஓடலன்னு எழுதினா, நான் எதுக்கு சார் பஸ் ஏறி வரணும்?”

அப்போது நான் ஏதோ உளறினேன்: “உள்ள இருக்கறத மட்டும் மாத்த முடியாதா?” விஷயம் தெரிந்து கேட்டதில்லை. பச்சைப் பெட்டி எப்படியாவது அந்த மேஜையிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டது.

ஸ்டீபன் திரும்பிப் பார்த்தார். “ஏன் முடியாது? போர்டை மாத்தினா இதே பெட்டிக்குள்ள 286. டிஸ்க்கு, திரை, பெட்டி அப்டியே இருக்கட்டும். அப்கிரேடு.”

அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டோம். வரதராஜன் சார் தாடையைத் தடவிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார், ஏகாம்பரத்தின் முகம் சட்டென்று கீழே போனது. பிறகு எங்கள் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டார்.

“ஓடுதா?” அந்தக் குரல் ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது.

“ஓடுது சார். உள்ள மட்டும் மாத்தினா நல்லா வேகமா ஓடும்.”

“பெட்டி?”

வரதராஜன் சார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“பெட்டிக்கு இப்பதான் பெயிண்ட் அடிச்சோம் சார்.”

“அப்ப மாத்து.”

தீபாவளிக்கு முன்னால் ஏகாம்பரம் பர்மனென்ட் ஆனார். தை மாசம் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தபோது கம்ப்யூட்டர் மேலேயும் ஒன்று வைத்துவிட்டுப் போனார். அந்தக் கம்ப்யூட்டர் பல வருஷம் ஓடியது. பின்னால் தொழிற்சாலையை மூடியபோது காலிப் பெட்டியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் மின்சார மீட்டருக்கு மூடியாக மாட்டினாராம். “மழைத்தண்ணி போவாது மேடம், ஓட்டையெல்லாம் மறுபடியும் பட்டி வெச்சி அடைச்சிட்டேன்” என்றார், கொஞ்சமும் கூச்சம் இல்லாமல். சாலையை அகலப்படுத்தியபோது அந்த வாசலும் போயிற்று, மூடியும் போயிற்று. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

இனி ரேவதி சொன்ன பதில்.

“தொறக்க வழியே இல்ல மேடம். கம்பெனியிலயே கோந்து போட்டு அடைச்சித்தான் அனுப்பறாங்க. மெமரி, டிஸ்க்கு எல்லாம் போர்டோட சேத்து ஈயத்தால பத்த வெச்சிருக்கு. ரிப்பேரும் ஆவாது, அப்கிரேடும் ஆவாது.”

“இப்படி அடைச்சது யாரும்மா?”

ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரைன்னு மேடம் போய்க் கேப்பீங்க?”

நடைபாதையில் நின்றபடி லேப்டாப்பின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடுக்கு இல்லை, ஒரு பிசிறு இல்லை. ஏகாம்பரம் பார்த்திருந்தால், வேலை சுத்தம் என்று சொல்லியிருப்பார்.